வீட்டுக்காரர் இல்லாத நாடு

கடலை ஒட்டிக் குமிழம் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ராஜாவைக்கூட ஜனங்கள்தான் ஓட்டுப்போட்டு உட்கார வைப்பார்கள். அந்த ராஜாவுக்கு ஒருநாள் குடிமக்கள் மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் மனுஷர் சும்மா இருக்கமாட்டார், சட்டம் போட்டுவிடுவார். வீட்டுவரி கட்டமுடியாமல் ஜனங்கள் தவிக்கிறார்களே என்று, 'வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குப் பாதி வரி' எனத் தண்டோரா போடச் சொன்னார்.

அவர் நினைத்தது வீட்டின் சொந்தக்காரரை. வரிச்சாவடி அதிகாரிகளோ எல்லாரும் கல்யாணமானவர்கள். அவர்களுக்குத் தெரிந்து வீட்டுக்காரர் என்றால் புருஷன்தான்.

தேவானை கப்பல்காரர்களுக்குச் சட்டை தைத்துப் பிழைப்பவள். அம்மா எழுதிவைத்த சின்ன வீடு அவளுக்கு. வீடும் என்னுடையது, குடியிருப்பதும் நான்தான் என்று சாவடியில் போய்ச் சொன்னாள். வரி அதிகாரி குணசீலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டம் வீட்டுக்காரர் என்றுதான் சொல்கிறது, வீட்டுக்காரி என்று சொல்லவில்லை, உன் வீட்டுக்காரர் எங்கே என்றார். அவள் புருஷன் ஆதிமூலம் கிழக்குத் தீவுகளுக்குக் கப்பலேறிப் போய் வருஷக்கணக்காகிறது, ஒரு தகவலும் இல்லை. அப்படியானால் சலுகை கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்தவன் பெண்டாட்டியோடு வீட்டில் படுத்துக்கிடந்தான் என்பதற்காக, அதன் சொந்தக்காரருக்குப் பாதி வரி தள்ளுபடியானது. தள்ளிய பாதியைச் சலுகை கிடைக்காதவர்கள் தலையில் கட்டினார்கள்.

புகார் குவிந்தது. ராஜாவுக்கு இரக்கம் இன்னும் பொங்கியது. கைம்பெண்களை நினைத்து, 'வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு வரியே இல்லை' என்றார்.

அவ்வளவுதான், குமிழத்துப் புருஷன்மார் எல்லாம் செத்துவிழ ஆரம்பித்தார்கள். முதலில் மந்திரிகள் போனார்கள். பெண்டாட்டிமார் சாவடியில் மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டுக்கு வந்து செத்தவருக்குச் சுடுசோறு போட்டார்கள். குணசீலரும் காலமானார், ஆனால் வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தார். கடைசியில் அரண்மனைக்கும் விலக்கு வேண்டுமென்று ராணியம்மாவே 'வீட்டுக்காரர் இல்லை' என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டாள்.

மிச்சமிருந்தது தேவானை வீடு ஒன்றுதான். நாட்டு வரி முழுக்க அதன் மேல் விழுந்தது. ஏலம் விடுவதற்கு முன்னால் குணசீலரே நேரில் வந்தார். பாவம், கெட்டவர் இல்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எழுதிக்கிறேன், வீடு தப்பிச்சுடும்."

தேவானை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரே சொல்கிற வார்த்தை. அவன் வீட்டில் இல்லாததும் நிஜம்தான், பொய்கூட இல்லை. ஆனால் புறப்பட்ட அன்றைக்கு அவன் 'போறேன்' என்று சொல்லவில்லை, 'போயிட்டு வரேன்' என்றான். எல்லாரும் சொல்வதுதான், யார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்? இந்தப் பைத்தியக்காரி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"இன்னும் வரலை. அப்படி எழுதிக்கோங்க," என்றாள்.

"அதுக்குச் சட்டத்துல இடமில்லையேம்மா."

"ராணியம்மா வீட்டுக்காரர் வேளாவேளைக்குச் சாப்பிட வர்றாரு, அவரை இல்லைன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர் வரலை. ஆனா இருக்காரு. நான் என்னங்கய்யா செய்யட்டும்?"

குணசீலர் பௌர்ணமி கழிந்து ஏலம் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போனதும் தேவானை உட்கார்ந்து அழுதாள். அம்மா கொடுத்த வீடு கைவிட்டுப் போகிறதே என்று அழுதாளே தவிர, சொல்லியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

ஏலத்துக்கு முன்னால் தேர்தல் வந்தது. போட்டியிடுகிறவர் ஒரு வீட்டுக்காரராகவும், உயிரோடும் இருக்கவேண்டும் என்பது அந்த நாட்டுப் பழைய விதி. ராஜா மாலையும் மேளமுமாக மனு கொடுக்க வந்தார். தேர்தல் அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு, "மன்னிக்கவேண்டும் மகாராஜா, தாங்கள் காலமாகிவிட்டீர்கள்," என்றார். அடுத்து வந்தவரும் காலமாகியிருந்தார், அதற்கடுத்தவரும் அப்படியே. அரசாங்கத்துக்குத் தெரிந்து நாட்டில் உயிரோடிருந்த ஒரே வீட்டுக்காரர் ஆதிமூலம். அவர் போட்டியின்றி ராஜாவானார். ராஜாவின் வீட்டை ஏலம் விடமுடியாது என்பதால் தேவானையின் வீடு தப்பித்தது.

மந்திரிகள் வந்து வாசலில் வரிசையாக நின்று, மகாராஜா எப்போது எழுந்தருளுவார் என்று பணிவாகக் கேட்டார்கள். வந்துவிடுவார் என்றாள் தேவானை. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது, திருப்தியாகக் கலைந்து போனார்கள்.

ஜெயித்தவர் ஊர்ப்பக்கம் தலைகாட்டாதது குமிழத்து ஜனங்களுக்குப் புதிதா என்ன? ஆட்சி எப்போதும்போல நடந்தது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தேவானை மட்டும் சாயங்காலமானால் துறைமுகம் வரை போய் நின்றுவிட்டு வருவாள். ராஜா வருவார் என்று அந்த நாட்டில் நிஜமாகவே நம்பியவள் அவள் ஒருத்திதான்.