ஹெட் கேஸ்கட்டும் தங்கச்சி கல்யாணமும்

கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. படிகளை வரிசையாக எழுதிவிட்டால் விடை சரியாகத்தான் வரும் என்று நம்பிவிடுவோம். அந்த வியாதி முற்றிய நிலையில்தான் நான் என் காரின் எஞ்சினைப் பிரித்தேன். அதுவும் தங்கை ஜெசியின் கல்யாணத்துக்கு நான்கே நாள் இருக்கும்போது.

கல்யாணத்தன்று பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் மாதா கோவிலுக்கு என் காரில் நானே அழைத்துப் போவேன் என்று, அப்பா இறந்த வருடமே ஜெசிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வேறு கார் பேசக் கூடாது என்று அவளும் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். காரோ சில வாரங்களாக வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் குளிரில் காலையில் எல்லா வண்டியும் அப்படித்தான் விடும் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. மத்தியான வெயிலிலும் விட்டபோதுதான் மெக்கானிக் செல்வத்திடம் போனேன்.

அவர் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பால் டீ நிறத்தில் நுரை.

"ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், எஞ்சினுக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கு அடியில வைக்கிற தகடு. தண்ணி உள்ள எறங்கி ஆயிலோட கலக்குது, மிச்சம் புகையாப் போகுது. ஹெட்டைக் கழட்டி திண்டுக்கல் லேத்துக்கு அனுப்பி மட்டம் பாக்கணும். ஒரு வாரம் ஆகும்."

"கேஸ்கட்டை மட்டும் மாத்தினா?"

"ஹெட்டு கோணலா இருந்தா புதுசும் போயிரும். லேசுப்பட்ட சோலி இல்ல சார் இது."

நான் விடவில்லை. கேஸ்கட் வாங்கினேன். வீடியோக்கள் பார்த்தேன். மூன்று நாள் லீவு போட்டேன். கழற்றிய நட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன் (கல்யாண வீட்டில் மூன்று நாளும் உப்புமாதான்). ஹெட் மட்டமா என்று பார்க்க, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கோடு போடும் மர ஸ்கேலை எடுத்துவந்து அதன்மேல் வைத்தேன். இடையில் ஊசிமுனை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினால் புகையும் இல்லை. ("திண்டுக்கல்லாம், லேத்தாம்" என்று நான் நக்கலடித்ததற்கு இன்றும் சாட்சிகள் இருக்கிறார்கள்.)

கல்யாணத்தன்று ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பத்து மணிக்குத் திருப்பலி. முன்சீட்டில் அம்மா, பின்சீட்டில் வெள்ளைப் பட்டுச்சேலையில் ஜெசி. ஏற்றத்தில் நாலு வளைவு தாண்டியதும் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் தெரியவில்லை, புகைதான் தெரிந்தது.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் காருக்குள் இறங்கும். திருகினேன். கல்யாணப் பெண்ணின் மேல் இறங்கியது.

"ஏலே, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரில்ல கெடக்கு" என்றார் அம்மா.

"கண்ணாடியை எறக்கும்மா."

"எறக்கினா புகை வருது."

ஜெசி மட்டும் நிதானமாகக் கேட்டாள். "அண்ணே, கோவிலுக்குப் போயிருமா?"

"போயிரும்." எனக்கே நம்பிக்கை இல்லை.

"அப்ப வெரசா ஓட்டு. நான் சமாளிச்சுக்கிறேன்."

இரண்டு இடத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினேன். பத்து ஐந்துக்குக் கோவில் வாசலுக்குள் ஒரு மேகமாக நுழைந்தோம். வீடியோ எடுப்பவர் ஓடிவந்து, "எஃபெக்ட் பிரமாதம் சார், ஒருக்கா பின்னால போயிட்டு வாங்க" என்றார். எஞ்சின் அந்த இடத்திலேயே உயிரை விட்டிருந்தது.

ஜெசி இறங்கினாள். கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "பொறந்த வீட்டு மேல எம்புட்டுப் பாசம் இந்தப் பிள்ளைக்கு, வழியெல்லாம் அழுதுருக்கா" என்று தானும் அழுதார்.

மறுநாள் செல்வம் ஹெட்டையும் என் ஸ்கேலையும் நேரான இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் கோணல் சார். அதான் ஒண்ணுக்கொண்ணு அம்சமாப் பொருந்திருக்கு." கொடைக்கானல் ஈரத்தில் வளைந்த அந்த ஸ்கேலால்தான் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு நேர்கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஜெசியின் மாமியார் அந்தக் கண்ணீர்க் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்வார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவோம். போன மாதம் ஜெசி மகனின் ஞானஸ்நானத்திலும் சொன்னார். நான் ஜெசியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஹீட்டர்னு அவங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"

"எதுக்குண்ணே சொல்லணும்? அதுல பாதிதான் ஹீட்டர்."