இவளுக்கு உயரம் ஒத்துக்காது

மனிதர்களில் பயப்படுபவர்கள் உண்டு, பயப்படாதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு. இந்த இனத்தாருக்குத் தாமாக எதுவும் வருவதில்லை. பயம், பசி, தூக்கம், கால்குடைச்சல், வந்த வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்ற அரிப்பு, எல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் வரும். வந்ததை இவர்கள் நாலு பேருக்கு அறிவிப்பார்கள். இவர்கள் வேலை அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்காதவரா? விருந்துக்குப் போன இடத்தில் மணி ஒன்றரை ஆனதும், "பையன் பசி தாங்க மாட்டான்" என்பார். பையனுக்கு வயது இருபத்தெட்டு. "இவளுக்கு வேர்க்குது, ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்பார். அவள் ஏற்கெனவே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேய்ப் படத்தில் பாதியில் எழுந்து, "எங்க அம்மாவால இதெல்லாம் பார்க்க முடியாது" என்று வெளியேறுவார். அம்மா படத்துக்கே வந்திருக்க மாட்டாள்.

நாம் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கண்ணாடிக்கடைக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். முப்பது வருடமாக மற்றவர்கள் கண்ணில் என்ன குறை என்று சொல்லியே பிழைத்தவர், தொழிலும் சுபாவமும் இவ்வளவு அழகாகப் பொருந்துவது எல்லோருக்கும் வாய்க்காது. அவருக்கு உயரம் என்றால் பயம். ஸ்டூலில் ஏறி மேல்தட்டுக் கண்ணாடிப் பெட்டியை எடுப்பதற்குக்கூடக் கடையில் ஆள் வைத்திருந்தார். ஆனால் இந்தச் செய்தி அவருக்கே தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: "இவளுக்கு உயரம் ஒத்துக்காது."

இவள் என்பது அவர் மனைவி. அந்த அம்மாளுக்கு நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை. இருபத்தாறு வருடமாக அந்த ஊரின் தெரு, சந்து, சாக்கடை, குழாய் எல்லாவற்றையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்தவர். மேலிருந்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பது? மலையுச்சிக்கு உறவுக்காரர்கள் வேன் வைத்தபோது, இவளுக்கு உயரம் ஒத்துக்காது. பொருட்காட்சியில் ராட்டினம் வந்தபோது, ஒத்துக்காது. அவருடைய மச்சான் ஒன்பதாவது மாடியில் வீடு வாங்கிக் கூப்பிட்டபோது, கீழே வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து டீ குடித்து வாழ்த்திவிட்டு வந்தார்கள்.

அந்த அம்மாள் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். முதல் தடவை, தன்மேல் உள்ள அக்கறையில் சொல்கிறார் என்று நினைத்தார். இரண்டாம் தடவை, நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் தடவைக்குள் அது குடும்பத்துக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது. மாமியாரே, "நீ மாடிப்பக்கம் போகாதேம்மா, நான் துணி காயப்போட்டுக்கறேன்" என்று பரிவோடு சொன்னபிறகு அந்த வியாதியைக் கைவிடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

ஆனால் அம்மாளுக்கு ஒரு குறை இருந்தது. சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு சந்து. நடந்து பார்த்து, அடி அளந்து, அது நடுவில் இடப்பக்கம் வளைகிறது என்று வரைந்தார். மேலதிகாரி அதை ஸ்கேல் வைத்து நேராக்கினார். "சந்துன்னா நேராத்தாம்மா போகும்" என்றார். பதினெட்டு வருடமாக எல்லா வரைபடத்திலும் அந்தச் சந்து நேராகப் போகிறது. அதை மேலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஊரில் அதற்கு ஒரே இடம்தான், நடுவிலிருக்கும் பழைய தேவாலயத்தின் குவிமாடம்.

அங்கே வாரத்தில் ஒருநாள், பன்னிரண்டு பேருக்கு மட்டும், வழிகாட்டியோடு ஏற அனுமதி. மராமத்துக்காக அடுத்த வாரத்திலிருந்து மூடப்போகிறார்கள், திறக்க ஆறு வருடமாவது ஆகும் என்று பேப்பரில் வந்தது. அம்மாள் இந்தமுறை யாரையும் கேட்கவில்லை. இரண்டு பேர் பெயரையும் பதிந்துவிட்டு வந்து சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் சரி என்று தலையாட்டினார். அவருக்கு என்ன கவலை? வாசலில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், திரும்பி வந்துவிடலாம்.

வழிகாட்டி ஒரு பெண். இடுப்பில் சாவிக்கொத்து, கையில் டார்ச், குரலில் பள்ளிக்கூட மணி. அவர் விதிகளைச் சொன்னார். குவிமாடத்துக்கு இரண்டு ஓடு, உள்ளேயிருந்து தெரிவது ஒன்று, வெளியேயிருந்து தெரிவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரே ஆள் தோள் உரசிப் போகிற படிக்கட்டு. ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான். யாரும் யாரையும் தாண்ட முடியாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முன்னால் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், அவர் அவருக்கு முன்னால் இருப்பவரிடம் சொல்வார்.

"உயரம், இருட்டு, இடுக்கான இடம், இதுல யாருக்காவது பயம் இருக்கா?"

கண்ணாடிக்கடைக்காரர் இதற்காகத்தான் காத்திருந்தார். "இவளுக்கு இருக்குங்க. உயரம் ஒத்துக்காது. சொல்ல வெட்கப்படுவா" என்றார்.

"அப்படியா? சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் வழிகாட்டி. "பயம் இருக்கறவங்க எனக்கு அடுத்தாப்ல வரணும், அதான் இங்க வழக்கம். வாங்கம்மா. கூட வந்தவங்க பக்கத்துல இருந்தா பயம் ஜாஸ்தி ஆகுது, பார்த்திருக்கேன். நீங்க கடைசியா வாங்க சார். தைரியசாலி ஒருத்தர் பின்னாடி இருக்கறது எனக்கும் நல்லது."

இத்தனை வருடத்தில் அந்த வாக்கியம் அவரை ஏமாற்றியது அன்றுதான். அம்மாள் திரும்பிப் பார்க்காமல் வரிசையின் தலைக்குப் போனார். நடுவில் பத்துப் பேர். வாலில் இவர். இவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.

துணைக்கு ஆளில்லாமல் இந்த இனம் எப்படிப் பயப்படும்? முதல் அறுபது படியிலேயே அவர் தவித்துப் போனார். முன்னால் போனவர் ஒரு பஸ் டிரைவர், லீவில் வந்தவர், தோள் இரண்டும் சுவரை உரசின. அவரிடம், "உங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குதே, வேணும்னா கொஞ்சம் நிக்கலாமே" என்று சொல்லிப் பார்த்தார்.

டிரைவர் நின்று காது கொடுத்துக் கேட்டார். "எனக்கில்ல சார். அந்தச் சத்தம் பின்னாடியிருந்து வருது" என்றார்.

பின்னால் யாரும் இல்லை.

சரி, அசல் ஆளையே பிடிப்போம் என்று, "அந்தம்மாவுக்குத் தலை சுத்துதான்னு கேக்கச் சொல்லுங்க" என்று செய்தி அனுப்பினார். செய்தி பத்து வாய் ஏறிப்போய்ப் பத்து வாய் இறங்கி வந்தது. "இல்லையாம்." முட்டி வலிக்கிறதா? "இல்லையாம்." தண்ணீர் வேண்டுமா? இதற்குப் பதில் வரக் கொஞ்சம் நேரமானது. "அவங்களுக்கு வேண்டாமாம். உங்களுக்கு வேணுமான்னு கேக்கறாங்க" என்றார் டிரைவர்.

பாதி வழியில் குவிமாடத்தின் உள்வட்டத்தைச் சுற்றி ஒரு நடைபாதை. கம்பிக்கு அந்தப்பக்கம் கீழே தேவாலயத்தின் பெஞ்சுகள் தீக்குச்சி அளவில் தெரிந்தன என்று மற்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பி, சுண்ணாம்புப் பூச்சின் தரத்தை ஆராய்ந்தபடி பக்கவாட்டில் நகர்ந்து முடித்தார். பூச்சு நன்றாக இருந்தது.

அதற்குமேல் மாடத்தின் வளைவோடு படியும் வளைந்தது. சுவர் தலைக்குமேல் சாய்ந்தது. நிமிர்ந்து நிற்க வழியில்லை. ஓரிடத்தில் சுவருக்குள் ஒரு மாடப்பிறை, அதில் ஒரு பெஞ்சு, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல். அவர் அந்த ஜன்னலைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்தார். ஒரு பறவை பறந்துகொண்டிருந்தது, அவருக்குக் கீழே.

கால் நின்றுவிட்டது. அடுத்த படிக்குப் போ என்று அவர் சொன்னது காலுக்கு எட்டவில்லை.

டிரைவர் நாலு படி மேலே போய்த் திரும்பிப் பார்த்தார். வரிசை நின்றது. மேலிருந்து செய்தி வந்தது. "கடைசியில ஏன் நிக்குதுன்னு கேக்கறாங்க."

"அந்தம்மாவுக்கு முடியலன்னு சொல்லுங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். நாக்கு பழகிய வழியில் போகும்.

பதில் இந்தமுறை வேகமாக வந்தது. "அம்மா இங்க நல்லா இருக்காங்களாம். யாருக்கு முடியலையோ அவங்க வாயால சொல்லணுமாம். சொன்னா அந்தப் பெஞ்சுல உக்காந்துக்கலாம். யாருன்னு தெரியாம ஒருத்தரை விட்டுட்டுப் போக முடியாதாம். சொல்லலேன்னா எல்லாரும் இப்பவே இறங்கணுமாம்."

வாசகரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், அவரும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அவர் எதுவுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். பன்னிரண்டு பேரும் இறங்குவார்கள், கதவு ஆறு வருடத்துக்குப் பூட்டிக்கொள்ளும், யார் பயத்தால் நின்றது என்பது இருட்டோடு போய்விடும். வீட்டில், "நல்லவேளை, உனக்கு மேல போய் ஏதாவது ஆகியிருந்தா?" என்றுகூடச் சொல்லலாம். இப்படிப்பட்ட வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.

அவருக்குக் காலையில் பார்த்தது நினைவு வந்தது. அம்மாள் கைப்பையில் ஒரு பழைய வரைபடத்தை எட்டாக மடித்து வைத்தார். அதில் ஒரு சந்து, நேராகப் போகும் மைக்கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் வளைந்திருந்தது. பென்சில் கோட்டை இத்தனை வருடத்தில் யாரும் அழிக்கவுமில்லை, கவனிக்கவுமில்லை.  

"எனக்கு" என்றார்.

"என்ன சார்?"

"எனக்குத்தான் முடியல. எனக்குப் பயமா இருக்கு."

டிரைவர் சிரிக்கவில்லை. முன்னால் திரும்பி, "அவருக்குத்தான் பயமாம்" என்றார். அது படிப்படியாக மேலே போவது கேட்டது. அவருக்குப் பயமாம். கடைசியில இருக்கறவருக்குப் பயமாம். அந்தம்மா வீட்டுக்காரருக்காம், பயமாம். முப்பது வருடம் ஒருவர் வாயிலும் வராத சேதி, பத்து வாயில் பத்துத்தரம் சொல்லப்பட்டு, வளைவில் திரும்பி மறைந்தது. கண்ணாடிக்கடைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மேலே யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. பதில் இறங்கி வந்தது. டிரைவர் அதை ஒரு எழுத்துக் குறையாமல் ஒப்பித்தார்.

"தெரியுமாம். அங்கேயே உக்காந்துக்கணுமாம். பார்த்துட்டு வர்றாங்களாம்."

அரைமணி நேரம் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார், தன்னுடைய சொந்தப் பயத்தோடு, தனியாக. புதுச் செருப்புப்போல முதலில் கடித்தது, பிறகு அவ்வளவாகக் கடிக்கவில்லை. தெரியுமாம் என்ற சொல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து தெரியும்? மச்சான் வீட்டு டீயிலிருந்தா, ராட்டினத்திலிருந்தா? கேட்கத் துணியவில்லை.

இறங்கும்போது வழிகாட்டிக்கு அடுத்து அம்மாள் வந்தார். முகத்தில் காற்று பட்டுத் தலைமுடி கலைந்திருந்தது. கையில் வரைபடம் பிரிந்தபடி இருந்தது. பெஞ்சருகே ஒரு நொடி நின்றார்.

"வளைஞ்சுதான் இருக்கு" என்றார்.

"எவ்வளவு?"

"நான் போட்டதைவிடக் கொஞ்சம் கூடவே."

கீழே வாசலில் ஒரு பதிவேடு. மேலே போகாதவர் இருந்தால் காரணம் எழுத வேண்டும். காவலாளி பேனாவை நீட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் நிமிர்ந்து, "அது வந்து, இவளுக்கு..." என்று ஆரம்பித்தார். அம்மாள் அவரைப் பார்த்தார். அவர் பேனாவை வாங்கி, 'பயம்' என்று எழுதினார். பக்கத்தில் 'எனக்கு' என்றும் சேர்த்தார், காவலாளி கேட்காமலே.

மற்றவர்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாமே என்றார். அம்மாளுக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் பசி வயிற்றைக் கிள்ளியது. எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"நாங்க கிளம்பறோங்க. இவர் பசி தாங்க மாட்டார்."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பசியே இல்லை. இருந்தாலும் தலையை ஆட்டினார். அவர் முறை வந்திருந்தது.

சித்திரம் முடிந்தது. இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒருவர் முகம் கண்முன் வந்திருக்கும். பெரியப்பாவோ மச்சானோ, ஆபீசில் அடுத்த நாற்காலிக்காரரோ. "அப்படியே அவர்தான், இதை அவர் கட்டாயம் படிக்கணும்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பீர்கள். தாராளமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன், கண்முன் வந்த முகம் ஏன் உங்களுடையதாக இல்லை என்று மட்டும் ஒருதரம் யோசியுங்கள். என்னைக் கேட்காதீர்கள். நான் இதை என் நண்பர் ஒருவருக்காகத்தான் எழுதினேன்.