ஒரு கோட்டும் ஐந்து பீ.ஏ.க்களும்

இலங்கைத் தீவு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், லத்தீனும் தெரிந்து, பொத்தான் பூட்டும் தெறி ஓட்டையும் தைக்கத் தெரிந்த மனிதர் எங்கள் பீ.ஏ. டெயிலர் ஒருவர்தான். இல்லை என்பவர்கள் என்னிடம் நேரில் வரலாம்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. கந்தோர்களில், அதாவது அலுவலகங்களில், ஆள் எடுப்பது அருமையிலும் அருமை. கொழும்பு வெள்ளவத்தையில், ரயில் பாதையோரம் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரும் லண்டன் பீ.ஏ. ஐந்து பேருக்கும் வேலையில்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. யாருக்கு இன்டர்வியூ வருகிறதோ, அவர் போட்டுக்கொண்டு போவார். எந்தப் பயில்வானுக்குத் தைத்ததோ தெரியாது. யார் போட்டாலும் கோட்டுத்தான் தெரியும், ஆள் உள்ளே எங்கேயாவது இருப்பார்.

அதைப் போட்டுக்கொண்டு போய்த் தோற்றுவந்தவர்களில், பின்னாளில் டெயிலரான நம் ஆளும் ஒருவர். வந்ததும் கோட்டைக் கழற்றி மேசையில் போட்டார்.

"ஐசே, பிழை என்ரை படிப்பில இல்லை. இந்தத் தோள்மூட்டிலதான்."

மறுநாள் காலையே கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு முஸ்லிம் தையல் மாஸ்டரிடம் தொழில் பழகச் சேர்ந்துவிட்டார். நாங்கள் தலையில் கை வைத்தோம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில், அரசாங்கத்தில்தான், மேய்க்கவேண்டும் என்று வளர்ந்தவர்கள் அல்லவா!

மாஸ்டர் நானா முதல் நாளே சொன்னாராம்: "மகன், ஒங்கட பீ.ஏ.ய செருப்போட வாசல்ல கழட்டி வெச்சிட்டு உள்ள வாங்க."

இவர் கேட்பாரா? ஊசியில் நூல் கோப்பதற்கே நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெழுதினார். தெறி ஓட்டை பழகிய மாதத்தில் எங்கள் சேட்டு, தலையணை உறை, யன்னல் சீலை எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்தது. யன்னல் சீலைக்கு எதற்கையா தெறி? ஒருநாள் என்னோடு ரயிலில் போகும்போது, முன்னால் இருந்த வெள்ளைக்காரத் துரையின் கொலரை மெல்லப் புரட்டி உள்தையல் பார்த்தார். துரை திரும்பி முறைத்தார். "வெரி நைஸ் வேர்க், சேர்" என்று பாராட்டிவிட்டுத்தான் கையை எடுத்தார். நான் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஊரில் எனக்குப் பேசிவைத்திருந்த பெண்ணின் தகப்பனார் ஒரே பிடியாக நின்றார்: "உத்தியோகம் கிடைச்சாப் பிறகு நாள் வைப்பம்." வேலை போனால் பெண்ணும் போய்விடும். டெயிலர் கோட்டை முழுதாகப் பிரித்துவிட்டார். தோளும் கையும் என் அளவுக்கு வந்தன. பழைய கொலர் மட்டும் கந்தலாகிவிட்டது.

"புதுசு வைப்பம். அளவு வெட்ட நல்ல தடிச்ச கடுதாசி வேணும்."

பத்திரிகையை நீட்டினேன். மெல்லிசு என்றார். தன் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்து வந்து, என் கழுத்தை அளந்து, கறுக்குக் கறுக்கென்று வெட்டினார். எட்டிப் பார்த்தேன்.

"ஐயோ, உம்மட பட்டமெல்லோ!"

"ஓம். லண்டன்காரன் கடுதாசி திறமாத்தான் செய்யிறான். ஆடாமல் நில்லும்."

எனக்கு வேலை கிடைத்தது. கோட்டுக்குத்தான் கொடுத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே கந்தோர் அவரையும் கூப்பிட்டது. அசல் சான்றிதழோடு வரவேண்டுமாம்! நாங்கள் அழாக்குறை. அவர் அசையவில்லை. அதே கோட்டைத் தன் அளவுக்குத் திருத்திப் போட்டுக்கொண்டு, கொலர் வடிவத்தில் இருந்த பட்டத்தோடு வந்து நின்றார். நான் பைல்களோடு கதவருகில் நின்றேன். கந்தோர்த் துரை அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இதில் உன் பெயர் எங்கே?"

"வெட்டுத் துண்டோடு போய்விட்டது, சேர். ஆனால் பதினாலரை அங்குலக் கழுத்துக்கு இது அச்சொட்டாக இருக்கும்."

துரை முகம் சிவக்கச் சிரித்தார். வேலை இல்லை என்றார். பிறகு, அந்தக் கோட்டைத் தைத்தது யார் என்று கேட்டார். கேட்டு வாய் மூடவில்லை, நம் ஆளின் பையிலிருந்து அளவு நாடா வெளியே வந்து துரையின் கழுத்தைச் சுற்றிவிட்டது. இரண்டு கோட்டுக்கு ஓடர்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கொலருக்காக அவருடைய உத்தியோகக் கதிரை போய்விட்டதே! பின்னேரம் கேட்டேன்: "உண்மையைச் சொல்லும். வீட்டில வேற தடிச்ச கடுதாசியே இருக்கேல்லையோ?"

"இருந்தது. கலண்டர் மட்டை. அதை வெட்டினா உம்மட கலியாணத்துக்கு நாள் எப்பிடிப் பாக்கிறது?"

கலியாணக் கோட்டும் அவரே தைத்துத் தந்தார். கூலி வாங்கவில்லை. கொலர் மட்டும் ஏனோ மொரமொரத்தது. என்னவென்று கேட்டதற்கு, "வெட்டுத் துண்டு ஒண்டு மிச்சம் கிடந்தது, விறைப்புக்கு வைச்சனான்" என்றார்.

பீ.ஏ. டெயிலரின் சொந்தப் பெயர் என்னவென்று கேட்பீர்கள். அது என் கலியாணக் கோட்டின் கொலருக்குள் இருக்கிறது. அந்தக் கோட்டு இப்போது எனக்குப் பூட்டாது. பிரித்துப் பெருப்பிக்கலாம் என்கிறாள் மனைவி. நான் விடுவேனா?