பூட்டிக் கொண்டுபோன ஜாதகம்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று நான் வாயால் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் போடியில், ஒரு வீடு நிறைய ஆட்களுக்கு முன்னால்.

2005 வாக்கில் சின்னமனூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தேன். ஆறு மாத கோர்ஸ் முடித்தவன் (அதில் பாதி நாள் கரண்ட் இல்லை). கடைக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடித்திருந்தது. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அதே பெயரில் இன்னொன்று குட்டி போடும். எது நிஜம், எது குட்டி என்று எனக்கே குழப்பம். அப்போதுதான் கோர்ஸில் சார் சொன்ன ‘என்கிரிப்ஷன்’ ஞாபகம் வந்தது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் உருமாறிவிடும், யாராலும் படிக்க முடியாது. யாராலும் என்றால் வைரஸாலும்தானே? படிக்க முடியாததை அது எப்படிக் கெடுக்கும்? என் மூளையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

அந்த வாரம் தங்கை செல்விக்குப் போடியிலிருந்து வரன் வந்தது. பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர். முன்பு வந்த வரன்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், இந்தப் போட்டோவைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அப்பா மஞ்சள் தடவிய ஜாதகத்தை எடுத்தார். சாஃப்ட்வேர்காரரிடம் காகிதத்தை நீட்டினால் என் மானம் போய்விடும் என்று நான் தடுத்துவிட்டேன். ஜாதகத்தையும் அவள் போட்டோவையும் ஸ்கேன் செய்து, ‘செல்வி’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுப் பூட்டி, சி.டி.யில் ஏற்றினேன்.

பஸ்ஸில் அப்பாவுக்கு விளக்கம் சொன்னேன். “திருவிழாவுக்குக் காப்புக் கட்டுறோம்லப்பா, அது மாதிரி. கட்டிட்டா வெளிய இருக்குறது உள்ள வராது.”

“ஏலே, ஏற்கனவே உள்ள இருந்துச்சுன்னா?”

“அதுவும் வெளிய போகாதுப்பா,” என்றேன் பெருமையாக.

போடியில் நல்ல நேரம் பார்த்து லேப்டாப்பைச் சாமி படத்துக்கு எதிரே வைத்திருந்தார்கள். பையன் முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டினார். சுத்தமாக இருக்கிறது என்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். (பூட்டியதற்குள் ஆன்டிவைரஸாலும் பார்க்க முடியாது என்று யாராவது எனக்கு அப்போது சொல்லியிருக்கலாம்.) பாஸ்வேர்டு சொன்னேன். உள்ளே ‘செல்வி’ என்று இரண்டு ஃபோல்டர் இருந்தன. அவர் ஒன்றைத் திறந்தார். திரை நீலமாகி, அப்புறம் கறுத்து, லேப்டாப் அடங்கிவிட்டது.

பையனின் அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணு ஜாதகத்தத் தொட்டதும் மிசின் உசுர விட்ருச்சு. வேணாம்ப்பா, சகுனம் சரியில்ல.”

உள்ளேயே வைரஸ் இருந்திருக்கிறது, பூட்டியிருந்ததால் தெரியவில்லை என்று பையன் சொல்லிப் பார்த்தார். எங்கள் மானத்தைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று அந்தம்மா காதில் வாங்கவில்லை. வீட்டில் செல்வி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

எழுந்து நின்றேன். “தோசமெல்லாம் என் தங்கச்சிக்கு இல்லம்மா. வைரஸயும் சேத்து வச்சுப் பூட்டிக் கொண்டாந்தது நாந்தான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.”

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “நெசமாவே ஒங்க மகன் அம்புட்டு வெவரங்கெட்டவனாண்ணே?”

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் அப்பா என்னைப் பெற்று வளர்த்திருக்க வேண்டும். கிணற்று மோட்டாரை நான் ரிப்பேர் பார்த்து எரித்ததில் ஆரம்பித்தார். டி.வி.யைக் கழற்றி மாட்டியதில் திருகாணி மிஞ்சியது, மாமா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் வேறு ஊர் மண்டபத்தின் பெயரை அடித்தது என்று ஒன்றையும் விடவில்லை. நானே மறந்ததெல்லாம் வந்தது. நாலாவது கதையில் அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவதில் கேசரி வந்தது. அப்பா பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருந்த அந்த மஞ்சள் தடவிய ஜாதகத்தை நீட்ட, பொருத்தம் பார்த்து அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

இப்போதும் செல்வி வீட்டு விசேஷத்துக்கு நான் சீர்த்தட்டோடு போனால், மாப்பிள்ளை தட்டை மூடிய துணியை விலக்கி உள்ளே நன்றாகப் பார்த்த பிறகுதான் வாங்குவார். கூட்டம் சிரிக்கும். விவரம் தெரியாத புது ஆட்கள் ஏன் என்று கேட்டால், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிணற்று மோட்டாரிலிருந்து ஆரம்பிப்பார்.