எந்த மாநிலத்துக்கும் வரி கட்டாத மனிதர்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில், தன் வீட்டுக் குசினி மேசைக்கு முன்னால் இருந்தபடியே கதிர்காமநாதன் சபதம் எடுத்தார். 1987ஆம் ஆண்டோடு சரி. இனி எந்த மாநிலத்துக்கும் ஒரு பெனிக் காசு கூட வரி கட்டுவதில்லை!

எல்லாம் பேனாவால் வந்த கோபம். பக்கத்து ஹெஸன் மாநிலத்துக் கொம்பனி ஒன்று கிழமைக்கொருமுறை பேனாத் துண்டுகளைப் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு அனுப்பும். குழாய்க்குள் சுருள்கம்பியைப் போட்டு, மூடியைப் பூட்டிக் கொடுத்தால் சம்பளம். அது வரி வெட்டுப்பட்டுத்தான் வரும்.

மற்றபடி அந்தச் சூடான மூலை அவருக்குச் சொர்க்கம். கை பேனாவில், கண் மனைவி பாலாம்பிகையின் அடுப்பில்.

"இஞ்சாரும், உப்புக் கூடிப்போச்சுப் போல கிடக்கு."

"நான் இன்னும் உப்பே போடேல்லை."

"அப்ப குறைவு. போடும்."

ஆறு மாதமாக இதே பாட்டு. பாவம் அந்த மனுசி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வரிக்கு வழி சொன்னவர் மேல்மாடிச் செல்வரட்ணம்.

"அண்ணை, கொம்பனி ஹெஸனிலை. ஒவ்வொரு நாளும் அங்கை போய் வாறன் எண்டு எழுதுங்கோ. அந்தத் தூரத்துச் செலவைக் கழிச்சாலே கட்டின வரி முழுக்கத் திரும்பி வரும்."

"நான் குசினியிலையெல்லோ இருக்கிறன்?"

"வரிக் கந்தோர்க்காரன் உங்கட குசினிக்கு வரப்போறானே?"

கதிர்காமநாதன் மனதுக்குள் வீடியோ டெக் ஒன்றை வாங்கி, படமும் போட்டுப் பார்த்துவிட்டார். ஆனால் அவருக்கு ஜெர்மன் வாசிக்கவும் வராது, எழுதவும் வராது. மாலை வகுப்புக்குப் போய்ப் படித்தவள் பாலாம்பிகைதான். அவள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அன்ராக்கை, அதாவது வரி விண்ணப்பத்தை, எழுதினாள். கையெழுத்து வாங்கினாள். தபாலில் போடவும் தானே கொண்டுபோனாள். இந்தப் பணிவைக் கண்டதும் அவர் பயந்திருக்க வேண்டும். பூரித்துப்போனார்.

பத்தாம் நாள் ஒரு கடிதம் வந்தது. பாலாம்பிகை வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ, வரிக் கந்தோர்! பகல்லை நீங்கள் வீட்டிலை நிக்கிறியளோ எண்டு பாக்க ஆள் வருமாம்."

"எப்ப?"

"சொல்லிப்போட்டே வருவான்?"

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"ஹெஸனுக்குப் போற ஆள் காலமை ஆறரைக்கு வெளிக்கிட வேணும். பின்னேரம் ஆறுக்குத்தான் வர வேணும்."

"அப்ப பேனா?"

"நான் பூட்டுறன். நீங்கள் மாட்டுப்படாமல் இருந்தாக் காணும்."

தடித்த கோட்டு ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் போனது, டிசம்பர் போனது. ரயில் நிலைய வாங்குப் பலகையில் கதிர்காமநாதன் விறைத்துக் கிடந்தார். ஹெஸன் ரயில்களின் நேரமெல்லாம் மனப்பாடம். ஒன்றிலும் ஏறியதில்லை. மூக்கு வடிந்தது, பாண் காய்ந்தது, வரிக் கந்தோர் ஆள் மட்டும் வரவேயில்லை.

பெப்ரவரியில் பொறுமை போய்விட்டது. ஒருநாள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ச் செல்வரட்ணத்திடம் நீட்டினார்.

"அண்ணை, இது உடுப்புக் கடை விளம்பரம். குளிர்கோட்டு மலிவாம்."

நட்ட நடு மத்தியானம் வீட்டுக்குள் பாய்ந்தார். அவருடைய சூடான மூலையில் பாலாம்பிகை பேனா பூட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அவர் காலத்தைப் போல இரண்டு மடங்கு பெட்டி.

"இது கோட்டு விளம்பரமாமே!"

"ஓம். அதைப் பாத்துத்தானே உங்களுக்குக் கோட்டு வாங்கினனான்."

"அப்ப என்ர அன்ராக்?"

"வரிக் கந்தோருக்குப் பொய் எழுத என்னாலை ஏலாது. நீங்கள் கையெழுத்து வைச்சது கொம்பனிக்குப் போன கடிதத்திலை."

"கொம்பனிக்கோ? என்னெண்டு?"

பாலாம்பிகை ஒரு மூடியைச் சடக்கென்று பூட்டினாள்.

"உங்கட சபதம் பலிச்சுது. இனி எந்த மாநிலத்துக்கும் நீங்கள் ஒரு பெனிக் கட்டத் தேவையில்லை. வேலை என்ர பேரிலை. அடுப்பிலை கறி கொதிக்குது, போய் உப்பைப் போடுங்கோ."