சினை ஊசிக்குக் கொதிதண்ணீர்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாடு வெள்ளச்சிக்கு இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. "இந்த வாட்டியும் நிக்கலன்னா விழுப்புரம் தரகருகிட்ட ஓட்டி வுட்டுடுவேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். (அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.)

மறுபடி மாடு பருவத்துக்கு வந்து கத்திய அன்று திண்டிவனத்திலிருந்து கால்நடை டாக்டர் பைக்கில் வந்தார். என்னிடம் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி, புகை விடும் டப்பாவிலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து அதில் போட்டார். காளையின் விந்து அதற்குள் உறைந்திருக்குமாம். போட்டுவிட்டு, நீளக் கையுறை மாட்டத் திரும்பினார்.

வீடு தேடி வந்த டாக்டருக்கு ஆறின தண்ணீரா? கேட்கவும் கூச்சம். காபிக்குக் கொதித்த தண்ணீரைக் குச்சி கிடந்த அந்த டம்ளரிலேயே நிறைய ஊற்றினேன். நல்ல காரியமாயிற்றே என்று ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டேன்.

"அய்யோ! என்னம்மா, ரசம் வச்சிக்கினு இருக்கீங்களா?" என்று டாக்டர் அலறினார்.

"போச்சு! கன்னுக்குட்டிய வேகவச்சிட்டா!" என்றார் என் வீட்டுக்காரர்.

"கொஞ்சமாவது உசுரு இருக்காதுங்களா?" முந்தானைக்குள்ளிருந்து கேட்டேன்.

"சூடு பட்டா விந்து செத்துடும்மா. அரைகுறையா பொழச்சது கருமுட்டையோட சேர்ந்தாலும், கரு வளராம கலைஞ்சிடும். டப்பால இன்னும் ஒரே ஒரு குச்சிதான் மிச்சம். ஜல்தியா வேற தண்ணி கொண்டாங்க."

வீட்டுக்காரர் டம்ளருக்குக் கை நீட்டினார். வேற்று ஆள் முன்னால் வாயே திறக்காத நான், "நீங்க போய் மாட்டப் புடிங்க!" என்று அதட்டினேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கையால் பதம் பார்த்துத் தண்ணீர் விளாவினேன். டாக்டர் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, "கரெக்டா இருக்கும்மா" என்று அந்தக் கடைசிக் குச்சியை அதில் போட்டார். குச்சிக்கு வெயிலும் ஆகாதாம். ஊசி போடும்வரை முந்தானையை விரித்து நிழல் பிடித்தேன்.

சினை நின்றது. கிடேரிக் கன்று! மாட்டைக் கேட்டு வந்த தரகர் வெறுங்கையோடு போனார்.

இப்போது எங்கள் தெருவில் எந்த மாட்டுக்கு ஊசி போட்டாலும் தண்ணீர் விளாவ என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நானும் தலை நிமிர்ந்துதான் போகிறேன். வீட்டில் மட்டும், நான் யாருக்காவது வெந்நீர் எடுத்து வைத்தால், "மஞ்சள் போட்டுட்டியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்காமல் விடமாட்டார்.

எத்தனை டிகிரி சூடு என்று டாக்டர் சொன்னார், மறந்துவிட்டது. என் முழங்கையை நம்பாமல், விவரம் தெரிந்த யாராவது சரிபார்த்து இதில் சேர்த்துவிடுங்கள்.