வேட்டை அண்ணையின் இருட்டுக் கண்ணாடி

கனடாவில் மான்களுக்கு வேட்டை அண்ணையைவிடப் பெரிய பாதுகாவலர் இருந்ததில்லை. மூன்று வருடம் துப்பாக்கியும் லைசென்சுமாகக் காடு காடாகத் திரிந்து, ஒரு மானின் வாலைக்கூடக் காணாத மனிதர் அவர். சுடும் ஆசை மட்டும் வருடத்துக்கு வருடம் கொழுத்துக்கொண்டு போனது.

நான் அப்போது அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில் ஓர் அறையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன். நாலு நாட்டு உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு, ஐந்தாவதாகக் கனடா வந்து அகதி வழக்குப் போட்டிருந்தேன். டிசம்பரில் விசாரணை. அதுவரை எந்த பொலிஸ் விவகாரத்திலும் பெயர் வரக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். வேட்டை அண்ணையோடு ஒரே கூரையின் கீழ் அது எவ்வளவு கஷ்டம் என்பது வக்கீலுக்குத் தெரியாது.

அண்ணைக்குத் தமிழ்க் கடை ஒன்றில் இறைச்சி வெட்டும் வேலை. எங்கள் ஆட்கள் நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை அடித்துப் பங்கு போடுவார்கள் அல்லவா? அண்ணை அந்த வழக்கத்தை மானுக்கும் கொண்டுவந்தார். மான் காட்டில் உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கும்போதே கடைக்கு வருபவர்களுக்குப் பங்கு பிரித்துவிடுவார். காட்டு இறைச்சியை விற்பது குற்றம் என்பதால் எல்லாம் இலவச வாக்கு. "அன்ரி, உங்களுக்குப் பின்னந்தொடை. அங்கிளுக்கு ஈரல்." ஒரு மானுக்கு இரண்டு பின்னந்தொடைதான். அவர் பதினொன்று கொடுத்திருந்தார்.

நாலாவது வருடம் சனம் பொறுமை இழந்தது. "என்ன அண்ணை, எங்கட மான் நடந்தோ வருகுது?" என்று ஓர் அன்ரி கேட்ட கிழமைதான் அவர் இருட்டில் பார்க்கும் கண்ணாடியை வாங்கினார். தலையில் பட்டி, ஒரு கண்ணுக்கு முன்னால் குழாய். காசெல்லாம் அதற்கே போனதால் அந்தக் குளிருக்குக் காருக்கு விண்டர் டயர் போடவில்லை.

"அண்ணை, உது சட்டப்படி சரியோ?"

"ஏன் சரியில்லை? கண்ணாடிதானே. நீ பேப்பர் வாசிக்கக் கண்ணாடி போடுறேல்லையோ?"

என் கரைச்சல் தாங்காமல் வேட்டை விவகாரங்களைப் பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனை மனிதர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கண்ணாடியை வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் சூரியன் மறைந்து அரை மணித்தியாலம் போனபின் மானைச் சுட்டால், கண்ணாடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றம். துப்பாக்கி போகும், லைசென்ஸ் போகும், வழக்கு வரும்.

"கேட்டியோ? வைச்சிருக்கலாமாம்."

"மிச்சத்தையும் சொன்னவரெல்லோ."

"அது சுடுறதைப் பற்றி. நான் பாக்கிறதைப் பற்றியெல்லோ கேட்டனான்."

"வெளிச்சத்திலதான் சுடலாமெண்டால் இருட்டுக் கண்ணாடி என்னத்துக்கண்ணை?"

"பொழுதுபட எங்க நிக்குதெண்டு பாத்து வைச்சால், விடியப் போய் அடிக்கலாம்."

விடியும்வரை அங்கேயே நிற்பதாக மான் இவருக்கு எழுதிக் கொடுத்ததோ தெரியாது.

பிறகு பயிற்சி. பேஸ்மென்ட் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு அறை அறையாகப் பதுங்கித் திரிந்தார். தேநீர் ஊற்றப் போன நான் அவர்மேல் மோதி, சுடுதண்ணீர் காலில் கொட்டியது. "அசையாதை, கண்ணாடிக்குள்ள பச்சையாய் வடிவாய்த் தெரியிறாய்," என்றார். வளவில் இரவில் குப்பை கிளற வரும் றக்கூன் என்ற விலங்குகளைப் பார்க்கப் போனபோது பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா, தன் குசினி யன்னலைப் பார்த்தபடி ஒற்றைக் கண்ணோடு ஒரு மனிதன் நிற்பதைக் கண்டு கத்தினார். "றக்கூன்! றக்கூன்!" என்று அண்ணையும் கத்தினார். தன்னைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அந்த அம்மா நினைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டது நான்.

நவம்பரில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "நீ துவக்கைத் தொட வேண்டாம். செத்ததைத் தூக்க ஓர் ஆள் வேணும்." மூன்று மணித்தியாலம் வடக்கே ஓட்டம். வேட்டைக்காரர் கட்டாயம் போடவேண்டிய செம்மஞ்சள் அங்கியோடு ஒரு மரத்தடியில் விடியலிலிருந்து குந்தியிருந்தோம். வேட்டையில் சத்தம் போடக்கூடாது என்பதை அண்ணை எனக்கு நாள் முழுக்க உரத்த குரலில் விளங்கப்படுத்தினார். காது கேட்கும் மான்கள் எல்லாம் கியூபெக் பக்கம் போயிருக்கும்.

பொழுது பட்டது. முறைப்படி துவக்கிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். உடனே அவருடைய வாய் மூடியது. எனக்குப் பயம் வந்தது.

"நிக்குது," என்றார் மூச்சோடு. "அஞ்சு. ஒண்டு கொம்பன். நேரம் என்ன?"

"அஞ்சு இருபத்தேழு."

"எத்தினை மணி மட்டும் சுடலாம்?"

"அஞ்சு பதினெட்டு மட்டும் எண்டு நீங்கள்தான் சொன்னியள்."

"ஒம்பது நிமிசம்தானே. ஆர் கண்டது?" அவருடைய கை பைக்குள் போனது. துவக்குக்குள் தோட்டாக்கள் ஏறும் சத்தம் கேட்டது.

"அண்ணை," என்றேன். "எனக்கு டிசம்பரில கேஸ்."

காட்டில் என்னுடைய மூச்சுத்தான் பெரிதாகக் கேட்டது. ஐந்து நாடு, அத்தனை எல்லை, அத்தனை கோப்பைகள். எல்லாம் ஒரு மனிதரின் ஆள்காட்டி விரலில் வந்து நின்றது.

பிறகு தோட்டாக்களைக் கழற்றும் சத்தம். கண்ணாடியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "இந்தா, நீயும் பார். நாசமாய்ப் போனவன்."

பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் ஐந்து மான்கள், எங்களை ஒரு பொருட்டாகவும் மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன.

திரும்பி வரும் மூன்று மணித்தியாலமும் ஏச்சுத்தான். "உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தது என்ர பிழை. உனக்குக் கேஸ் எண்டால் நீ வீட்டில இருக்கவேணும்!" நான்தான் வரமாட்டேன் என்று இரண்டு நாள் மன்றாடியவன். அதை நினைவுபடுத்தவும் விடவில்லை.

டிசம்பரில் என் வழக்கு வென்றது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது காட்டுக்குப் போய்வந்த அடுத்த நாள்தான். கடையில் கூட்டம்; நானும் இறைச்சி வாங்கப் போயிருந்தேன். பின்னந்தொடை அன்ரி விடவில்லை.

"அவ்வளவு பெரிய கண்ணாடியும் கொண்டு போய், ஒரு மானைக்கூடவோ காணேல்லை?"

கடையே சிரித்தது. வேட்டை அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

"காணேல்லை அன்ரி. கண்ணாடி சரியில்லை," என்று சொல்லிவிட்டு எலும்பை ஓங்கி வெட்டினார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கையில் கத்தி வைத்திருந்தார். பேசாமல் வரிசையில் நின்றேன்.